பில்ட் கணினிக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

லினக்ஸ் கணினியில் உட்கார்ந்தபடி, வேறெங்கோ இருக்கும் விண்டோஸ் கணினியின் திரையைத் திறந்து வேலை பார்ப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதற்கான ரெமினா என்ற செயலியைத் திறப்பீர்கள், முகவரியும் கடவுச்சொல்லும் கொடுப்பீர்கள், திரை வந்துவிடும். அந்தத் திரை வருவதற்கு அடியில் இருந்து உழைப்பது ஃப்ரீஆர்டிபி என்ற கட்டற்ற மென்பொருள். அதை ஒட்டிய ஒரு வேலைக்காகத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம்.

புதிய வசதி எதையும் சேர்ப்பதற்குப் பணம் கேட்கவில்லை. இருக்கிற மூலநிரலை, மக்கள் கையில் நிஜமாகவே இருக்கும் கணினிகளில், ஒவ்வொரு பதிப்புக்கும் பில்ட் செய்து (அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றி), ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறதோ அதைத் திருத்தி மூலத் திட்டத்துக்கே திருப்பி அனுப்புவதற்குக் கேட்கிறோம். நாங்கள் ஃப்ரீஆர்டிபி திட்டத்தின் கிளை அல்ல, அவர்கள் பெயரில் பணம் திரட்டவும் இல்லை. அதைத் தினமும் பயன்படுத்துகிற, அவ்வப்போது பிழை தெரிவித்துத் திருத்தம் அனுப்புகிற 7 தன்னார்வலர்கள், அவ்வளவுதான்.

"பில்ட் செய்வதற்கா நன்கொடை?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எங்கள் கையாலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

ஒரு சிறு அலுவலகத்துக்கு 4 பழைய கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தோம். கணக்கு மென்பொருள் தூரத்தில் இருக்கும் விண்டோஸ் சர்வரில். ரசீது மட்டும் மேசைக்குப் பக்கத்திலிருக்கும் பிரிண்டரில் வர வேண்டும். அன்று மாலை கிளையன்ட்டை பில்ட் செய்தபோது, அச்சுக்கு வேண்டிய கப்ஸ் லைப்ரரியின் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஹெடர் கோப்புகளை, அதாவது அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் கோப்புகளை, காணோம் என்று சொல்லி, பில்டை நடத்தும் சிமேக் நின்றுவிட்டது. இருட்டிவிட்டது, அலுவலகத்தைப் பூட்டப் போகிறார்கள். கப்ஸ் ஆதரவை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். பிழை போய்விட்டது. திரை வந்தது, ஒலி வந்தது, காப்பி பேஸ்ட் வேலை செய்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை 10 மணிக்குக் கணக்கு பார்க்கும் அக்காவிடமிருந்து போன்: "தம்பி, பிரிண்டர் லிஸ்ட்லயே இல்லையேப்பா." அன்று மதியம் வரை அவர் ரசீதுகளைக் கையால் எழுதினார், எதிரே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பிரிண்டரில் கோளாறு இல்லை, மூலநிரலில் பிழை இல்லை. முந்தைய நாள் நாங்கள் அணைத்த ஒரே ஒரு சுவிட்ச், அதுதான் காரணம்.

ஃப்ரீஆர்டிபியில் இப்படிப்பட்ட சுவிட்சுகள் ஏராளம். ஒலிக்குப் பல்ஸ்ஆடியோ, வீடியோவுக்கு எஃப்எஃப்எம்பெக் அல்லது ஓப்பன்எச்264, ஸ்மார்ட் கார்டுக்கு ஒன்று, யூஎஸ்பி சாதனங்களுக்கு ஒன்று, திரைக்கு எக்ஸ்11 அல்லது வேலேண்ட், சர்வர் பகுதி வேண்டுமா வேண்டாமா என்று இன்னொன்று. 10 சுவிட்சுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே 1,024 சேர்க்கைகள் வருகின்றன. மூலத் திட்டத்தைப் பராமரிப்பவர்கள் முக்கியமானவற்றைச் சோதிக்கிறார்கள், நன்றாகவே சோதிக்கிறார்கள். ஆனால் 1 ஜிபி நினைவகமுள்ள சிறு ஆர்ம் பலகையில் (ஆர்ம் வகைச் செயலியுள்ள ஒற்றைப் பலகைக் கணினி), பழைய டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் வெளியீட்டில்), பாதி வசதிகளை அணைத்து யாரோ ஒருவர் பில்ட் செய்யும்போது என்ன ஆகும் என்பது அப்படிச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த மென்பொருள் எப்படி லைப்ரரியாக ஆனது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கவலையெல்லாம் அங்கேதான். முன்பு லினக்ஸில் ஆர்டெஸ்க்டாப் என்று ஒன்றுதான் இருந்தது. நல்ல மென்பொருள், ஆனால் ஒற்றை நிரல். வேறொரு மென்பொருளுக்கு அதன் உதவி வேண்டுமென்றால், அதைத் தனியாக இயக்கிவிட்டு அதன் சன்னலைத் தன் சன்னலுக்குள் ஒட்டவைத்துக்கொள்ள வேண்டியதுதான். 2009இல் அதிலிருந்து பிரிந்து வந்த ஃப்ரீஆர்டிபி, தொலைவிலிருந்து திரையைக் காட்டும் ஆர்டிபி என்ற நெறிமுறையைப் பேசும் பகுதியைத் தனி லைப்ரரி ஆக்கியது. 2012 ஜனவரியில் 1.0 வந்தபோது அடித்தளமே மாறியிருந்தது. உரிமம் அப்பாச்சி 2.0 ஆகிவிட்டது, பில்ட் வேலை ஆட்டோடூல்ஸிலிருந்து சிமேக்குக்கு வந்துவிட்டது. இவையெல்லாம் நடந்ததால்தான் இன்று ரெமினா அதை உள்ளே வைத்துக்கொள்கிறது, அப்பாச்சி குவாக்கமோலி பிரவுசருக்குள் விண்டோஸ் திரையைக் காட்டுகிறது, க்னோம் ரிமோட் டெஸ்க்டாப் அதையே சர்வர் பக்கத்துக்குப் பயன்படுத்துகிறது. லினக்ஸ் சன்னல்களை விண்டோஸில் காட்டும் டபிள்யூஎஸ்எல்ஜியில் மைக்ரோசாஃப்டே, வேலேண்ட் சன்னல்களைக் காட்டும் வெஸ்டனோடு ஃப்ரீஆர்டிபியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் வின்பிஆர். ஆர்டிபி விண்டோஸில் பிறந்த நெறிமுறை. அது எதிர்பார்க்கும் த்ரெட், ஈவென்ட், சான்றளிப்பு முறை எல்லாம் விண்டோஸில் ஏற்கெனவே இருப்பவை. மற்ற இயங்குதளங்களில் அதே பெயரில், அதே நடத்தையோடு அவற்றை எழுதிக் கொடுக்கும் லைப்ரரிதான் வின்பிஆர். இப்படிப் பிரித்து வைத்தது மிகச் சரியான முடிவு என்பது எங்கள் கருத்து. மேலே உள்ள நிரல் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறோம் என்று வரிக்கு வரி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு லைப்ரரியைப் பலர் நம்பியிருக்கும்போது, அதன் உள் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. திரையின் அகலம், உயரம், பயனர் பெயர் போன்ற அமைப்புகள் எல்லாம் ஒரே பெரிய கட்டமைப்புக்குள் இருக்கின்றன. அதன் ஹெடர் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் எண், ஒவ்வொன்றுக்கும் 8 பைட் இடம், வெறும் ஆம் இல்லை என்பதற்குக்கூட 8 பைட். நடுநடுவே காலி இடங்கள். பந்தியில் பின்னால் வருபவர்களுக்காக இலை போட்டு இடம் பிடித்து வைப்பதைப் போல. புதிதாக ஒரு அமைப்பு வந்தால் அந்தக் காலி இலையில் உட்காரும், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் நகர வேண்டாம். நகர்ந்தால், பழைய ஹெடரை வைத்து பில்ட் செய்த நிரல் அகலம் இருந்த இடத்தில் வேறெதையோ படிக்கும். 3ஆம் பதிப்பில் இன்னும் ஒரு படி போய், இந்தக் கட்டமைப்பை நேரடியாகத் தொடாமல், வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள் என்கிறார்கள். சரியான வழி. ஆனால் அதற்காக மேலே இருக்கும் ஒவ்வொரு மென்பொருளிலும் பல வரிகளை மாற்றியாக வேண்டும்.

1.0க்கும் 2.0க்கும் நடுவே 8 ஆண்டுகள். 2.0 வந்தது 2020 ஏப்ரலில். 3.0 வந்தது 2023 டிசம்பரில். பழைய லைப்ரரியை நம்பியவை பழையதோடு, புதியதை நம்பியவை புதியதோடு என்று டெபியன் போன்ற டிஸ்ட்ரோக்களில் 2, 3 இரண்டும் ஒரே கணினியில் அருகருகே இருக்க முடியும், பெயரிலேயே எண் இருப்பதால். சிக்கல் எங்கே என்றால், தாய் நிரல் 3ஐ நம்பி, அதன் செருகுநிரல் ஒன்று இன்னும் 2ஐ நம்பி, இரண்டும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏறும்போது. எங்களுக்கு ஒருமுறை அப்படி ஆயிற்று. இணைப்புப் பொத்தானை அழுத்தியதும் சன்னல் மறைந்துவிடும், பிழைச் செய்தி ஒரு வரிகூட வராது. இரண்டு வார இறுதிகள் போயின அதைக் கண்டுபிடிக்க.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 3ஆம் பதிப்பு வந்தபோது நடந்ததும் இதே வகை. 2021 செப்டம்பரில் வந்த அந்தப் பதிப்பு எம்டி4, ஆர்சி4 என்ற இரண்டு குறியாக்கவியல் முறைகளையும் பழையவை என்று ஓரமாக எடுத்து வைத்துவிட்டது. பாதுகாப்புப் பார்வையில் சரிதான். ஆனால் விண்டோஸின் என்டிஎல்எம் சான்றளிப்பு இந்த இரண்டும் இல்லாமல் நகராது. கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே போக முடியாது. பிறகு ஃப்ரீஆர்டிபி தன்னிடமே இவற்றை வைத்துக்கொள்ள பில்டில் சுவிட்சுகளைக் கொடுத்தது. அதை இயக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தெரியாதவர்கள் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு என்று தனியாக ஒரு சோதனை உண்டு, இதை எங்களைப் போன்றவர்கள்தான் செய்ய வேண்டும். 'கோப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் 6 குறிகள். ஆர்டிபி இணைப்பில் வரும்போது யூடிஎஃப்-16 என்ற முறையில் 12 பைட், லினக்ஸ் வட்டில் எழுதும்போது யூடிஎஃப்-8 என்ற முறையில் 18 பைட். நடுவில் மாற்றித் தருவது வின்பிஆர். விண்டோஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறிகள் வரை போகலாம். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையில் வரம்பு 255 பைட், அதாவது தமிழில் 85 குறிகள்தான். யாரோ ஒருவர் 'மார்ச் மாத வரவு செலவுக் கணக்கு, திருத்திய இறுதிப் பிரதி' என்கிற மாதிரி நீளமாகப் பெயர் வைத்து, அதைப் பகிர்ந்த டிரைவ் வழியாகத் தன் லினக்ஸ் கணினியில் சேமிக்கப் பார்த்தால், இன்னும் சில சொற்கள் கூடியதும் கதவு மூடிக்கொள்ளும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இது ஒருநாளும் கண்ணில் படாது. கோப்புப் பெயர், காப்பி பேஸ்ட், கீபோர்டு ஆகிய மூன்றுக்கும் தமிழ் எழுத்துகளை வைத்தே ஒரு சோதனைத் தொகுப்பு எழுதத் தொடங்கியிருக்கிறோம். முடித்ததும் எல்லோருக்கும் திறந்து வைப்போம்.

சரி, பணத்துக்கு வருவோம். ஓராண்டுக்கு எங்களுக்குத் தேவை 3,60,000 ரூபாய். இதில் பாதி, 1,80,000 ரூபாய், பகுதி நேரமாக பில்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு மாதம் 15,000 வீதம் மதிப்பூதியம். இதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. தன்னார்வப் பணிக்கு ஏன் சம்பளம் என்று சிலர் கேட்டார்கள். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை. லைப்ரரி ஓர் இடத்தில் இருப்பதன் பெரிய நன்மையே, அங்கே ஒரு ஓட்டையை அடைத்தால் அதை நம்பியிருக்கும் எல்லா மென்பொருளுக்கும் அது அடைபடுவதுதான். அதற்கு அந்த வாரமே யாராவது பில்ட் செய்து, சோதித்து, கையில் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போய்விட்டு இரவு 11 மணிக்கு உட்காரும் எங்களால் அது தொடர்ந்து முடியவில்லை.

மீதியில் 90,000 ரூபாய் ஒரு பயன்படுத்திய சர்வர் கணினிக்கு. இப்போது ஒரு உறுப்பினரின் மடிக்கணினியில் எல்லா பில்டும் ஓடுகிறது, அவர் அதை வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. 50,000 ரூபாய் ஆர்ம் பலகைகளுக்கும் வட்டுகளுக்கும். 40,000 ரூபாய் மின்சாரத்துக்கும் இணையத்துக்கும். உறுப்பினர்கள் எங்களுக்குள் 62,000 ரூபாய் போட்டிருக்கிறோம், இன்னும் 2,98,000 வேண்டும்.

100 ரூபாயானாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். மாதா மாதம் சிறு தொகை தருவதாக யாராவது சொன்னால், மதிப்பூதியத்தை நிச்சயமாகச் சொல்ல அது பெரிய துணை. பணம் தர இயலாதவர்கள் ஓடுகிற நிலையில் உள்ள பழைய கணினியைத் தரலாம், 32 பிட் கணினியாக இருந்தால் இன்னும் நல்லது, அப்படிப்பட்டவை இப்போது கிடைப்பதே அரிது. உங்கள் அலுவலகம் ஃப்ரீஆர்டிபியையோ ரெமினாவையோ நம்பி ஓடுகிறதென்றால், நிர்வாகத்திடம் இந்த வேண்டுகோளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், வேண்டுமானால் நேரில் வந்து விளக்குகிறோம்.

3 மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை ரசீதுகளோடு நன்கொடையாளர் எல்லோருக்கும் அனுப்புவோம். எந்தப் பதிப்பை எந்தக் கணினியில் பில்ட் செய்தோம், எது உடைந்தது, எந்தத் திருத்தம் மூலத் திட்டத்தில் ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்ற பட்டியலும் கூடவே வரும். தொகை முழுதாகச் சேராவிட்டால் முதலில் சர்வரை வாங்குவோம், மதிப்பூதியத்தைச் சேர்ந்த மாதங்களுக்கு மட்டும் தருவோம். மார்ச் 31க்குள் தந்தால் ஏப்ரல் முதல் வாரத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம். அனுப்பியதும் குழுவின் பொருளாளருக்கு ஒரு வரி எழுதுங்கள், பட்டியலில் பெயர் வர வேண்டாம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
குழு உறுப்பினர்கள் 7 பேரும்