மொட்டை மாடி வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் மொட்டை மாடி ஒழுகல் வேலை எடுத்துச் செய்யும் அண்ணன்மாருக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எத்தனை வீட்டிலிருந்து உங்களுக்கு போன் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதில் ஒரு வீடு எங்களுடையது. மேற்கு மாம்பலத்தில் 1984இல் அப்பா கட்டியது, ஒன்பது சதுரம் மாடி.

போன மே மாதம் உங்களில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "முழுசா வாட்டர்ப்ரூஃபிங் பண்ணிடலாம்மா, பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்றார். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 54,000 என்று எழுதினார். அவ்வளவுதான் எஸ்டிமேட். மூன்று நாளில் வெள்ளையாக ஒரு பூச்சு அடித்துவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

முதல் பெரிய மழை. இரவு ஒரு மணிக்கு அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே, ஃபேன் கொக்கி வழியாகத் தண்ணீர் இறங்கியது. ஷாக் அடித்துவிடுமோ என்று பயந்து மெயினை அணைத்தேன். அம்மாவுக்கு 79 வயது, முழங்கால் மடங்காது. அந்த இருட்டில் கைத்தாங்கலாக ஹாலுக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன், விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார், நான் பக்கெட் மாற்றிக்கொண்டே இருந்தேன். "அப்பா கட்டின வீடு ஒழுகுதேடி" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

மறுவாரம் வந்தவர் சொன்னது: "நாம பேசினது கோட்டிங்தானேம்மா. தட்டோடு பெயர்த்து சுருக்கி போடணும்னா அது வேற ரேட்."

மாடியில் மேலே பதித்திருக்கும் தட்டை ஓடுதான் தட்டோடு என்பதும், அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போடுவதுதான் சுருக்கி என்பதும், மழைக்குழாயை நோக்கி வாட்டம், அதாவது சரிவு, கொடுப்பது அதில்தான் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் மாடியில் வாட்டம் போய்த் தண்ணீர் நடுவில் தேங்குகிறது, விரிசல் விட்ட தட்டோட்டு இடுக்கில் இறங்குகிறது. மேலே மட்டும் பூசினால் அது எத்தனை நாள் தாங்கும் என்று மே மாதமே அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது ஒன்றுதான். அட்வான்ஸ் வாங்கும் முன்னால், என்ன வேலை என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். தட்டோட்டைப் பெயர்ப்பீர்களா, அதன் மேலேயே பூசுவீர்களா? வாட்டம் சரிசெய்வது அந்தத் தொகைக்குள் வருமா? கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாகப் பூசுவது? வேலை முடிந்ததும் தண்ணீர் கட்டி நிறுத்திக் காட்டுவீர்களா? பத்து வருஷம் என்றால் எதற்குப் பத்து வருஷம்? எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பிளம்பர், பெயிண்டர் என்று யாரைக் கூப்பிட்டாலும் இதே "நம்புங்கம்மா"தான். ஒரு சதுரம் என்றால் நூறு சதுர அடி என்று தெரியாதவர்கள்தான் இன்று பாதிப் பேர் வீடு வாங்குகிறார்கள், அவர்களிடம் வாய்க்கணக்கு பேசினால் என்ன புரியும்? பெண் ஒருத்தி நின்று விவரம் கேட்டால் "வீட்டுல சார் இல்லையா" என்கிறீர்கள். வீடும் பணமும் என்னுடையது, பதிலை என்னிடம்தான் சொல்ல வேண்டும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். மே மாத வெயிலில் அந்த மாடியில் நின்று வேலை செய்வது சாதாரணம் இல்லை என்பது எனக்கும் தெரியும், கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தை பிறந்ததும் தட்டோட்டைப் பெயர்த்து வேலையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வருகிறவர் தயவுசெய்து ஒரு முழுத் தாளோடு வாருங்கள்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வீட்டுக்காரி