கொலுசுக்கு வைக்கும் பொடி பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையில் கொலுசுக்குச் செய்கூலி ஏறியிருப்பதைப் பலரும் கேட்டுவிட்டீர்கள். வெள்ளி விலை ஏறிய கதை உங்களுக்கே தெரியும். செய்கூலி ஏறியதற்குக் காரணம் வேறு. அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சும் சுற்றிக்கொண்டிருக்கிறது: "பொடியை மாற்றிவிட்டார்கள், கலப்படம் செய்கிறார்கள்."

கொலுசின் கண்ணிகளைப் பற்றவைக்கும் பொடியை மாற்றியது உண்மை. கலப்படம் என்பது பொய்.

கொலுசைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, ஒவ்வொரு இணைப்பிலும் வெங்காரம் (போராக்ஸ்) தடவி, பொடி வைத்து, டார்ச் நெருப்பில் பற்றவைக்கிறோம். அந்தப் பொடியில் காட்மியம் என்ற உலோகத்தைக் கலப்பது தொழிலில் பழைய வழக்கம். குறைந்த சூட்டிலேயே இளகி ஓடும், வேலை சட்டென்று முடியும். ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். வெள்ளி உருகவே 961 டிகிரி வேண்டும். நெருப்பு கொஞ்சம் கூடுதலாகப் பட்டால் போதும், பழுப்பாகப் புகை கிளம்பும். அது நுரையீரலைக் கெடுக்கும். உடம்புக்குள் போன காட்மியம் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது வருடம்கூடத் தங்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1993-லேயே சொல்லிவிட்டது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பட்டறை என்றால் பல இடங்களில் வீட்டின் முன்னறைதான். ஒரு மூலையில் டார்ச் எரியும், எதிர் மூலையில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள்.

இப்போது நாங்கள் வைப்பது வெள்ளி, செம்பு, துத்தநாகம் மட்டும் சேர்ந்த பொடி. அதில் வெள்ளியைக் கூட்டியிருக்கிறோம். கலப்படம் செய்கிறவன் வெள்ளியைக் கூட்டுவானா, நீங்களே சொல்லுங்கள். இந்தப் பொடிக்குச் சூடு அதிகம் வேண்டும், கேஸ் அதிகம் ஆகும், ஒரு ஆள் ஒரு நாளில் முடிக்கும் ஜோடி குறையும். துத்தநாகப் புகையும் நல்லதல்ல என்பதால் பட்டறையில் புகையை வெளியே இழுக்கும் விசிறி வைத்திருக்கிறோம். செய்கூலி ஏறியது இதற்குத்தான். சந்தேகம் இருந்தால் கொலுசைக் கொண்டுவாருங்கள். நீங்கள் சொல்லும் இடத்திலேயே டச் (வெள்ளியின் தூய்மை) பார்ப்போம், செலவு எங்களுடையது.

காட்மியத்துக்கு அரசு தடை போட வேண்டும் என்று நான் கேட்பதைச் சிலர் வியாபாரத் தந்திரம் என்கிறார்கள். ஐரோப்பிய யூனியன் 2011 டிசம்பரிலிருந்தே நகையிலும் பற்றவைக்கும் பொடியிலும் காட்மியத்தை 0.01 சதவீதத்துக்குக் கீழே கட்டுப்படுத்திவிட்டது. இங்கே தங்கத்துக்கு 2021-ல் ஹால்மார்க் கட்டாயமானது, கே.டி.எம். (காட்மியம் கலந்த பொடியில் பற்றவைத்த நகை) என்று சொல்லி விற்பது குறைந்தது. வெள்ளிக்கு 2025 செப்டம்பரில் ஹால்மார்க்கில் தனி எண் வந்தது, கட்டாயம் மட்டும் ஆகவில்லை. சின்னப் பட்டறையில் என்ன பொடி வைக்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை. ஒருவர் மட்டும் காட்மியத்தை விட்டால், விடாதவர் விலையைக் குறைத்து ஆர்டரை வாங்கிக்கொள்வார். அந்தப் பொடி விற்பனைக்கே வரக்கூடாது என்று சட்டம் வந்தால் எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே காற்று. காலில் கொலுசு போடுகிறவருக்கு ஆபத்து குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைக்குழந்தை தண்டையை வாயில் வைக்காமல் இருக்குமா? நெருப்புக்கு முன்னால் குனிந்து உட்காருகிறவருக்கோ அது தினமும் மூச்சோடு உள்ளே போகிறது.

ஆத்தூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறையாக நம் கடைக்கே வருகிறீர்கள். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் நேரில் வந்து விசாரித்துவிட்டு வாங்கிப் போனவர்களை மறக்க மாட்டேன். மனமார்ந்த நன்றி.

பழைய கொலுசுக்குப் பற்று வைத்துத் தரும் வேலையை இப்போதைக்கு எடுப்பதில்லை. அப்புறம், ஆடிக்குக் கொலுசு வேண்டுவோர் வழக்கத்தைவிடச் சற்று முன்னதாக ஆர்டர் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்