டெவின் ஹெஸ்டருக்கு வழி திறந்தவர்களுக்கு

சிகாகோ பேர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஸ்பெஷல் டீம்ஸில், அதாவது பந்தை உதைக்கும் நேரங்களில் களமிறங்கும் குழுவில், ஆடியவர்களுக்கும், அவர்களைப் பழக்கியவர்களுக்கும், தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கதையில் கை கொடுத்த மற்றவர்களுக்கும்,

வணக்கம்.

2024 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் ஊரில் டெவின் ஹெஸ்டரின் வெண்கலச் சிலையைத் திறந்து வைத்தார்கள். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவதையே முதன்மையான வேலையாகக் கொண்ட ஒருவர், இந்த விளையாட்டின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனது அதுதான் முதல் தடவை. அவரைப் பாராட்டிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் நன்றி உங்களுக்கு.

ஹெஸ்டரின் கணக்கு ரசிகர்களுக்கு மனப்பாடம். வழக்கமான சீசன் ஆட்டங்களில் பண்ட் உதைகளைத் திருப்பி 14 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது), ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்ஆஃபில் 5, கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோல் குறி தவறியபோது பிடித்து ஓடியது 1. ஆக மொத்தம் 20. இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் எடுத்தது இந்தக் கணக்கில் சேராது. இவை ஒவ்வொன்றிலும் அவரோடு இன்னும் பத்துப் பேர் களத்தில் இருந்தார்கள். அந்தப் பத்துப் பேருக்கு என்று எந்தப் புள்ளிவிவரமும் கிடையாது. யார் யாரைத் தடுத்தார் என்பது வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த விளையாட்டைப் பார்க்காத நண்பர்களும் இதை வாசிக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தாக்கும் அணிக்குப் பத்து யார்ட் முன்னேற நான்கு வாய்ப்புகள். மூன்றில் காரியம் ஆகவில்லை என்றால், நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். அதுதான் பண்ட். பந்து நாலு நொடிக்கும் மேல் காற்றில் இருக்கும். அதற்குள் உதைத்த அணியின் கன்னர்கள் இருவர் இரண்டு ஓரங்களிலிருந்தும் தலைதெறிக்க ஓடிவருவார்கள். பந்தைப் பிடித்து ஓட வேண்டிய ரிட்டர்னரோ அண்ணாந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வருகிறவர்களை அவரால் பார்க்க முடியாது. கையை உயர்த்தி அசைத்து ஃபேர் கேட்ச் கேட்டால் யாரும் தொடக் கூடாது, ஆனால் அவரும் ஓட முடியாது. கையை உயர்த்தாமல் ஒருவர் நிற்கிறார் என்றால், முன்னால் இருப்பவர்கள் கன்னர்களைப் பிடித்து வைத்திருப்பார்கள் என்று நம்பித்தான் நிற்கிறார்.

பிளாக்கர்களே, உங்கள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது தடுப்பதுகூட இல்லை, தடுக்காமல் விடுவது. முதுகுப் பக்கமிருந்து தள்ளினால் தவறு என்று நடுவரின் மஞ்சள் கொடி விழும்; தொண்ணூறு யார்ட் ஓட்டமானாலும் அத்தோடு போச்சு. ஹெஸ்டர் மாதிரி ஒருவர் ஓடும்போது அவர் எந்தப் பக்கம் வெட்டுவார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்? முகத்துக்கு முகமாக நின்றவர் ஒரு நொடியில் திரும்பிவிடுவார், அவர் முதுகுதான் உங்களுக்குக் கிடைக்கும். அந்த நேரத்தில் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, நான் தொடவில்லை என்று நடுவருக்குக் காட்டிவிட்டு ஒதுங்கினீர்களே, அந்தக் கட்டுப்பாடு லேசில் வருவதல்ல. தொடாமல் விட்ட கைகளுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

உங்களில் சிலருக்காவது பெயர் கிடைத்தது. பிரெண்டன் அயன்பதேஜோ ஸ்பெஷல் டீம்ஸ் ஆட்டத்துக்காகவே 2006, 2007 இரண்டு ஆண்டுகளிலும், அந்தந்த ஆண்டின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். 2011இல் அந்தப் பெருமை கோரி கிரகாமுக்கு. நைஜீரியாவில் பிறந்து கனடாவில் வளர்ந்த இஸ்ரேல் இடோனிஜே, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இந்த வேலையையும் செய்தார். அட்ரியன் பீட்டர்சன் என்று சொன்னால் எல்லாரும் மின்னசோட்டாவின் நட்சத்திரத்தை நினைப்பார்கள்; எங்கள் அட்ரியன் பீட்டர்சன் வேறு. ஸ்பெஷல் டீம்ஸில் உழைத்த ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடுபவர். பெயரிலும் அவருக்கு நிழல்தான் வாய்த்தது, பாவம்.

டேவ் டவ்ப் அவர்களே, 2004 முதல் 2012 வரை எங்கள் ஸ்பெஷல் டீம்ஸ் உங்கள் கையில் இருந்தது. உங்களைப் பற்றிச் சொல்ல நான் தேர்ந்தெடுப்பது செல்லாமல் போன ஓர் ஓட்டத்தை. 2011 செப்டம்பர் 25, சோல்ஜர் ஃபீல்ட், எதிரே கிரீன் பே. கடைசி நிமிடங்கள், பேர்ஸ் 27-17 என்று பின்தங்கியிருக்கிறது. அவர்கள் பண்ட் உதைக்க, ஹெஸ்டர் ஒரு பக்கமாக ஓடி அண்ணாந்து பார்த்துப் பந்து தன்னிடம் வருவதுபோல நின்றார். மொத்தப் பேரும் அவரை நோக்கி ஓடினார்கள். பந்து விழுந்ததோ மறுபக்கம். அங்கே ஜானி நாக்ஸ் அதைப் பிடித்து 89 யார்ட் ஓடிவிட்டார், தடுக்க ஆளே இல்லை. தொலைக்காட்சிக் கேமராகூட ஹெஸ்டர் பின்னால்தான் போனது. எதிராளியைப் பிடித்து நிறுத்திய ஹோல்டிங் ஃபவுல் என்று கொடி விழுந்ததால் டச்டவுன் ரத்தாகி, ஆட்டமும் கைவிட்டுப் போனது. ஆனாலும் பந்தைத் தொடாமலேயே பத்துப் பேரை இழுத்துக்கொண்டு போக முடிந்த ரிட்டர்னர் ஒருவர் இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அதை யோசித்தவர் நீங்கள்.

அப்போதைய பொது மேலாளர் ஜெர்ரி ஏஞ்சலோ, தலைமைப் பயிற்சியாளர் லவி ஸ்மித் இருவருக்கும் அடுத்த நன்றி. மயாமி பல்கலைக்கழகத்தில் ஹெஸ்டருக்கு நிலையான இடம் கிடையாது. தாக்குதல், தற்காப்பு, ஸ்பெஷல் டீம்ஸ் மூன்றிலும் ஆடினார். இன்ன இடம் என்று சொல்ல முடியாத ஆளை, அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2006 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில், 57ஆவதாக எடுப்பது துணிச்சல்தான். எடுத்த கையோடு பலன் வந்தது. முதல் ஆட்டத்திலேயே, கிரீன் பேயின் சொந்த மைதானத்தில், 84 யார்ட் பண்ட் ரிட்டர்ன்.

அக்டோபரில் அரிசோனா. இடைவேளையில் 0-20. தாக்கும் அணி அன்று ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. தற்காப்பு வீரர்கள் இரண்டு எடுக்க, ஹெஸ்டர் 83 யார்ட் ஓடி மூன்றாவதை எடுக்க, 24-23 என்று ஜெயித்தோம். நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் உதைத்த ஃபீல்ட் கோல் குறையாக விழுந்தபோது, எல்லாம் முடிந்துவிட்டது போலச் சோம்பலாக இரண்டு எட்டு வைத்துவிட்டு 108 யார்ட் ஓடினார். முந்தைய ஆண்டு இதே 108 யார்டை ஓடிக் காட்டிய நேத்தன் வாஷர் இதே அணியில்தான் இருந்தார். வாஷர், உங்களுக்கும் ஒரு நன்றி. இப்படியும் ஓடலாம் என்று காட்டியதற்கு.

சரி, உதைத்தவர்களை விட்டுவிட முடியுமா? 2007 பிப்ரவரி 4, மயாமியில் மழைக்கு நடுவே சூப்பர் பவுல். இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ் முதல் உதையையே ஹெஸ்டரிடம் அனுப்பியது. 92 யார்ட், 14 நொடி. சூப்பர் பவுலின் தொடக்க உதையே டச்டவுனாகத் திரும்பியது அதற்கு முன் நடந்ததில்லை. அதன்பிறகு அவருக்கு நேராக உதைக்காமல் தரையோடு தட்டிவிட்டே ஒப்பேற்றினார்கள். 29-17 என்று கோப்பையும் அவர்களுக்கே போய்விட்டது. இருந்தாலும் அந்த முதல் உதைக்கு நன்றி, ஆடம் வினாடியேரி. அதே ஆண்டு நவம்பரில் டென்வரும் ஒதுக்காமல் அவருக்கு உதைத்தது: 75 யார்டில் பண்ட் ஒன்று, 88 யார்டில் கிக்ஆஃப் ஒன்று, கூடுதல் நேரத்தில் 37-34 என்று வெற்றி. பயந்து எல்லைக்கு வெளியே உதைத்தவர்களுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர்கள் விட்டுக்கொடுத்த யார்டுகளில் எங்கள் தாக்குதல் அணி பிழைத்தது. அந்த நாட்களில் அதற்கு அந்த உதவி தேவையாகவும் இருந்தது.

2008, 2009 இரண்டு ஆண்டுகளும் அவ்வளவு இனிப்பானவை அல்ல. அவரை வைட் ரிசீவராக்கும், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவராக்கும், முயற்சியில் ரிட்டர்ன் டச்டவுன் ஒன்றுகூட வரவில்லை. அது வேண்டாத வேலை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த இடைவெளியில் கிக்ஆஃப்களை ஏற்று, 2008இல் சராசரியில் லீக்கிலேயே முதலிடம் பிடித்த டேனியல் மானிங்கை யாரும் நினைப்பதில்லை. ஹெஸ்டர் வந்த அதே டிராஃப்டில் அவருக்கு முன்பே எடுக்கப்பட்டவர் அவர். முகம் சுளிக்காமல் சுமையைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி, மானிங்.

2010இல் பழைய ஹெஸ்டர் திரும்பி வந்தார். பனியின் பாரத்தில் மெட்ரோடோம் மைதானத்தின் கூரை கிழிந்து விழுந்ததால், டிசம்பர் 20 அன்று மின்னசோட்டாவுடனான ஆட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் திறந்த மைதானத்தில் வைத்தார்கள். உறைந்து கிடந்த அந்தத் தரையில் 64 யார்ட் ஓடி, பண்ட், கிக்ஆஃப் இரண்டிலும் சேர்த்து 14ஆவது டச்டவுன். அந்த இரண்டிலும் அதுவரை சாதனையாக இருந்த பிரையன் மிட்செலின் 13 பின்னால் போனது. நிற்கவே வழுக்கும் தரையில் பிளாக் செய்தவர்களே, கும்பிடுகிறேன்.

முன்னாள் வீரர் டியான் சாண்டர்ஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெஸ்டருக்கு அவர் சிறுவயது நாயகன், பிறகு வழிகாட்டி. 2014 செப்டம்பர் 18 அன்று, அட்லான்டா அணிக்காக ஹெஸ்டர் 62 யார்ட் ஓடி எடுத்த 20ஆவது டச்டவுன் முறியடித்தது, எல்லா வகை ரிட்டர்ன்களையும் சேர்த்து சாண்டர்ஸ் வைத்திருந்த 19 என்ற சாதனையைத்தான். சாண்டர்ஸ் அன்று அதே மைதானத்தில் இருந்தார். கடைசிச் சில யார்டுகளை ஹெஸ்டர் அவருடைய பாணியிலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓடியதற்கு நடுவர் கொடி வீசினார். பதினைந்து யார்ட் போனால் போகட்டும். தன் சாதனை உடைவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனிதருக்கு என் நன்றி.

கடைசியாக, ஹால் ஆஃப் ஃபேமின் தேர்வாளர்களுக்கு. இரண்டு முறை கைவிட்டீர்கள், மூன்றாம் முறை சேர்த்துக்கொண்டீர்கள். உங்களுக்கும் நன்றி. கூடவே ஒரு விண்ணப்பம். ஏழு முறை புரோ பவுலுக்குப் போன, பஃபலோ பில்ஸின் கன்னர் ஸ்டீவ் டாஸ்கர், ஹெஸ்டர் உள்ளே போன அன்றும் வெளியேதான் இருந்தார். ரிட்டர்னருக்குச் சிலை வைத்தாகிவிட்டது. அவரைப் பிடிக்க ஓடுகிறவர்களில் ஒருவருக்கும், அவருக்காகத் தடுக்கிறவர்களில் ஒருவருக்கும் இடம் ஒதுக்கலாமே. தடுக்கிறவர்களில் யார் என்று கேட்டால், என் ஓட்டு அயன்பதேஜோவுக்கு.

நன்றியுடன்,
பேர்ஸ் ரசிகன் ஒருவன்