ஒரு சால் தள்ளி உழுதால்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் எழுத இன்றைக்குத்தான் கை வந்தது, திட்டாதே. சர்வேயர் இரண்டு தடவை வந்து அளந்தும் வரப்புத் தகராறு தீரவில்லை, பக்கத்து வயல்காரர் வருஷத்துக்கு ஒரு சாண் உள்ளே வந்துகொண்டே இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு லாக்ஸ்டன்தான் ஞாபகம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒரு நடை போய்விட்டு வந்தேன். முழங்கால் வலியோடு எதற்குச் சேற்றில் நடக்கிறாய் என்று வீட்டில் திட்டு. சரி, அது கிடக்கட்டும்.

லாக்ஸ்டன் இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரு சின்னக் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு பப், வடக்கே பழைய கோட்டை இருந்த மண்மேடு, அவ்வளவுதான். ஆனால் ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள் இருக்கின்றன, தெற்கு வயல், மேற்கு வயல், மில் வயல். உள்ளே வேலி கிடையாது, சுவர் கிடையாது. ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளநீளப் பட்டைகள். ஒரு வயலில் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலத்தில் விதைக்கிற பயிர், மூன்றாவது தரிசு அல்லது மாட்டுத் தீவனம், அடுத்த வருஷம் எல்லாம் ஒரு இடம் நகரும். நம் இஷ்டத்துக்கு இந்த வருஷம் எனக்கு வேறு பயிர் என்று சொல்ல முடியாது, ஊரே ஒன்றாகத்தான் நகர வேண்டும். இடைக்காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் உழுதது. இன்றைக்கும் அதே முறையில் ஊர்க் கோர்ட் வைத்து ஓடுவது இந்த ஒரு ஊரில்தான் என்று சொல்லலாம்.

கோர்ட் என்றதும் பெரிதாக நினைக்காதே. நவம்பர் கடைசியில் ஜூரி நாள் என்று ஒன்று வரும். பன்னிரண்டு விவசாயிகள், அவர்களுக்கு ஒரு தலைவர், டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏறி அந்த வருஷம் கோதுமை விதைத்த வயலுக்குப் போவார்கள். யார் ஒரு சால் தள்ளி உழுதிருக்கிறார், யார் பொதுப் பாதையைக் கொஞ்சம் கொறித்திருக்கிறார், யார் வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டிருக்கிறார், எல்லாம் பார்த்து, எல்லையில் முளைக்குச்சி அடித்துவிட்டு பப்புக்கு வந்து சாப்பிடுவார்கள். அபராதம் எவ்வளவு என்று பேசி முடிப்பதும் அங்கேதான். அடுத்த வாரம் அதே பப்பில் கோர்ட் லீட் என்கிற அந்த ஊர்க் கோர்ட் கூடும், நிலத்துக்குச் சொந்தமான எஸ்டேட் சார்பில் ஸ்டூவர்ட் என்கிற நிர்வாகி உட்காருவார், அபராதம் வசூலாகும், அடுத்த வருஷத்து ஜூரி பைபிள்மேல் சத்தியம் செய்யும். வராதவர்களுக்கும் அபராதம் உண்டு, சில்லறைப் பென்ஸ்தான். தமாஷ் என்று நினைக்காதே, 1977-இல் பார்லிமென்ட் இந்த மாதிரிப் பழைய கோர்ட்டுகளின் வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை எடுத்தபோது லாக்ஸ்டன் பெயரைச் சட்டத்திலேயே எழுதி விலக்கு கொடுத்தார்கள்.

நான் போனது ஜூரி வந்து போன பிறகு. கோதுமை விரல் உயரம் முளைத்திருந்தது. சிவப்புக் களிமண், பத்தடி நடந்தால் காலணி இரண்டு கிலோ கனக்கிறது. புல் ஓரத்துக்கும் உழவுக்கும் நடுவே ஒரு குச்சி, புது மரம், சுத்தியல் அடித்து அடித்துத் தலை பூப்போல் பிரிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் முக்கால் அடி அகலத்துக்கு உழுத மண், அதிலும் கோதுமை முளைத்து நிற்கிறது. யாரோ ஒருவர் மாட்டிக்கொண்டார்! குச்சிக்கு வெளியே நின்ற அந்த நாலு நாற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். உன் பக்கத்து வயல்காரரைத்தான் நினைத்தேன்.

இந்த ஊர் மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்பாய். பாரம்பரியத்தைக் காப்போம் என்று யாரும் மார்தட்டியதால் இல்லை. பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மற்ற ஊர்களில் எல்லாம் பொதுவயலைப் பிரித்து, வேலி போட்டு, ஆளுக்கு ஒரே இடமாக ஒதுக்கிச் சட்டம் போட்டுக்கொண்டே போனார்கள், காணி இல்லாத ஏழைகள் மாடு மேய்த்த இடமும் அதோடு போயிற்று. லாக்ஸ்டனில் பெரிய நிலக்காரர்கள் இரண்டு பேர், மான்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும். எதை யாருக்கு மாற்றிக்கொடுப்பது என்பதில் இவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. பங்காளிச் சண்டை ஊரைக் காப்பாற்றியது என்று நான் அடித்துச் சொல்வேன், படித்தவர்கள் இதை இன்னும் பதமாகச் சொல்வார்கள்.

1635-இல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த வரைபடம் ஒன்று இருக்கிறது, ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகத்தில். ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாக வரைந்து, நடுநடுவே குட்டிக் குட்டி மனிதர்கள் ஏர் ஓட்டுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள். ஊர்த்தெருவில் பண்ணை வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதன் காரணம் அதைப் பார்த்தால் புரிகிறது. நிலம் எட்டுத் திக்கிலும் சிதறிக் கிடந்தால் வயல் நடுவே வீடு கட்டி என்ன செய்வது?

உழ முடியாத சரிவிலும் ஈரத்திலும் புல்பட்டைகளை விட்டிருக்கிறார்கள், சைக்ஸ் என்று பெயர். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் புல்லை ஏலம் விடுவார்கள். நூற்றாண்டுகளாக ஏர் படாத மண், கோடையில் அவ்வளவு காட்டுப்பூ. ஜூனில் நீ வந்தால் கூட்டிப்போகிறேன்.

அப்புறம், ஊர் கை மாறிய கதை. 1952-இல் மான்வர்ஸ் குடும்பம் விவசாய அமைச்சகத்துக்கு விற்றது, 1981-இல் அது முடியின் பெயரிலுள்ள நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் கிரௌன் எஸ்டேட்டிடம் போனது, 2020-இல் அவர்கள் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்குக் கொடுத்தார்கள். தோர்ஸ்பி என்பது அதே மான்வர்ஸ் வழி வந்தவர்களுடையது! அறுபத்தெட்டு வருஷம் சுற்றிப் பழைய வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் எனக்கு என்ன கவலை என்றால், டிரெய்லரில் ஏறப் பன்னிரண்டு பேர் வேண்டுமே. பண்ணைகள் குறைந்துகொண்டே போகின்றன, குறுகிய பட்டையில் இன்றைய ராட்சத இயந்திரத்தைத் திருப்புவது லேசு இல்லை, பிள்ளைகள் ஊரில் தங்குவார்களா என்று யாருக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது என்று எழுது. சர்வேயர் மூன்றாவது தடவை வந்தால் அந்தப் பக்கத்து வயல்காரரையும் ஒரு வாய் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பாரேன், லாக்ஸ்டனில் அபராதம் போடுகிறவரும் கட்டுகிறவரும் ஒரே மேஜையில்தான் உட்காருகிறார்கள். காலணியில் ஒட்டின அந்தச் சிவப்பு மண் இன்னும் கார் விரிப்பில் காய்ந்து கிடக்கிறது, இன்றைக்காவது தட்ட வேண்டும்.

உன் பழைய அறைத்தோழன்