நினைவகத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிக் கட்டமைப்புப் பாடம் நடத்துகிறேன். நினைவகத்தை மையமாக வைத்துக் கணினிகளை உருவாக்கும் ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒரு நிதி அழைப்பு வெளியிடுங்கள். வன்பொருளும் மென்பொருளும் அதில் ஒரே திட்டத்துக்குள் இருக்கட்டும். எங்களைப் போன்ற மாவட்டக் கல்லூரிகளுக்கும் இடம் கொடுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

இன்றைய கணினியில் தரவு இருப்பது ஓரிடம், கணக்கு நடப்பது இன்னோரிடம். ஒவ்வோர் எண்ணும் நினைவகத்திலிருந்து செயலிக்கு வந்து, வேலை முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். இந்தப் போக்குவரத்துக்கு என்ன செலவாகிறது? ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014இல் ஒரு கணக்கைக் காட்டினார். 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் இரண்டு 32 பிட் மிதவைப்புள்ளி (தசம) எண்களைக் கூட்ட 0.9 பிக்கோஜூல் (ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிக்கோஜூல்) ஆற்றல் போதும். ஆனால் 32 பிட்டைக் கணினியின் முதன்மை நினைவகமான டிராமிலிருந்து எடுத்துவர மட்டுமே 640 பிக்கோஜூல் வேண்டும். ஏறத்தாழ எழுநூறு மடங்கு! கூகுள் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசி போன்ற கருவிகளில் தாங்கள் எடுத்துக்கொண்ட வேலைகளுக்கு ஆன மொத்த ஆற்றலில் சராசரியாக 62.7 சதவீதம் தரவை நகர்த்துவதற்கே போனதாகக் கண்டார்கள்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் ஏன் தோப்புகளை ஒட்டி வந்தன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெங்களூரா பழத்தை லாரியில் ஏற்றி எங்கோ தொலைவுக்கு அனுப்பிக் கூழாக்கினால் வாடகைக்கே காசு போய்விடும். கணினியில் நாம் இன்னும் பழத்தைத்தான் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கணக்கிடும் திறனை நினைவகத்துக்கு உள்ளேயோ பக்கத்திலேயோ கொண்டுபோய் வைப்பதுதான் நான் சொல்லும் ஆராய்ச்சி.

இது பெரிய தரவு மையங்களின் கவலை மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கம் ராகி விளையும் காலத்தில் யானைகள் வரும். காட்டோரத்தில் ஒரு கேமரா வைத்து, யானையைப் பார்த்தவுடன் ஊரை எச்சரிக்க வேண்டுமானால், படத்தை எங்கோ அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைப்பதே பாடு. கேமராவே பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் சின்ன சோலார் தகட்டிலும் பேட்டரியிலும் ராத்திரி முழுக்க. ஆனால் படத்தை அடையாளம் காணும் நரம்பியல் வலை நிரலின் லட்சக்கணக்கான எடைகளை, அதாவது அது கற்றுவைத்த எண்களை, நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே இழுத்துக்கொண்டிருப்பதிலேயே பேட்டரியின் பெரும்பங்கு கரைகிறது. என் மாணவர்கள் திட்டப்பணிக்கு விரும்பி எடுக்கும் தலைப்பு இது. எல்லாரும் கடைசியில் முட்டி நிற்பது இந்த ஒரே இடத்தில்தான்.

செயலியின் வேகத்துக்கு நினைவகம் ஈடுகொடுக்க முடியாத இந்த முட்டுக்கட்டைக்கு நினைவகச் சுவர் என்ற பெயர், 1995இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் வுல்ஃப், சாலி மெக்கீ எழுதிய ஒரு சிறிய கட்டுரையிலிருந்து பரவியது. அதே பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2018இல் கிரிஸ்ப் என்ற ஆய்வு மையம் 2.75 கோடி டாலர் நிதியில் தொடங்கியது. நினைவகத்திலும் சேமிப்பகத்திலுமே கணக்கிடுவதுதான் அதன் வேலை. அதற்கடுத்து அமெரிக்காவிலேயே சான் டியாகோவில் பிரிசம் என்ற ஆய்வு மையம் வந்தது. 2021இல் சாம்சங் கணக்கிடும் திறனுள்ள நினைவகச் சிப்பை அறிவித்தது, 2022இல் எஸ்கே ஹைனிக்ஸ் தன் பங்குக்கு ஒன்றை அறிவித்தது. பிரச்சினையைச் சொன்னதிலிருந்து சிப் வருவதற்குக் கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. மூன்றாண்டு மானியத்தில் முடிகிற விஷயம் இல்லை இது, குறைந்தது ஐந்தாண்டாவது கொடுங்கள்.

மென்பொருளைப் பற்றி நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிரான்சின் அப்மெம் நிறுவனம் விற்பனைக்கே கொண்டுவந்த நினைவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மெமரி அட்டையில் 128 சிறு செயலிகள், ஒவ்வொன்றுக்கும் 64 மெகாபைட் நினைவகம். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சிறு செயலிகள் ஒன்றோடொன்று நேராகப் பேச முடியாது, எல்லாம் முதன்மைச் செயலி வழியாகத்தான் போக வேண்டும். தரவை எப்படிப் பிரிப்பது, எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பதெல்லாம் நிரல் எழுதுபவர் தலையில் விழுகிறது. இந்த வேலையை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் இயங்குதளமும் ஏற்றுக்கொள்ளும்வரை இந்த வன்பொருள் நிபுணர்களின் கையை விட்டு வெளியே வராது. மின்சாரம் போனாலும் தரவை இழக்காத இன்டெல்லின் ஆப்டேன் நினைவகத்தை 2022இல் நிறுத்திவிட்டார்கள். அதற்கேற்ற மென்பொருள் எழுதப் பல ஆண்டு உழைத்தவர்களின் வேலை பாதியில் நின்றது. இரண்டு பக்கமும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

மாவட்டக் கல்லூரிகளால் செய்ய முடிந்ததும் இந்த மென்பொருள் பாதிதான். சிப் ஆலை எங்களுக்கு வேண்டாம். கையில் இல்லாத வன்பொருளை மென்பொருளிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் ஜெம்5, ராமுலேட்டர் போன்ற சிமுலேட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாணவர்கள் அவற்றைச் சொந்த லேப்டாப்பில் ஓட்டுகிறார்கள். ஒரு சோதனை முடிய ராத்திரி முழுக்க ஆகும், நடுவில் கரண்ட் போனால் அப்புறம் முதலிலிருந்து.

நாட்டில் பணம் இல்லாமல் இல்லை. செமிகண்டக்டர் திட்டத்துக்கு 76,000 கோடி ரூபாய், இந்தியா ஏஐ திட்டத்துக்கு 10,372 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் தந்த 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதி, ஓரளவு கனிந்த தொழில்நுட்பங்களைச் சந்தைக்குக் கொண்டுபோகும் தனியாருக்கானது. அதற்கு முந்தைய கட்டத்தில் நிற்கும் இந்த ஆராய்ச்சிக்கு உங்கள் மானியம்தான் வழி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழு, ஒரு மூலக்கூறு படலத்தில், 0, 1 என்ற இரண்டே நிலைகளுக்குப் பதிலாக 16,500 நிலைகளில் தரவைச் சேமித்துக் கணக்கிட முடியும் என்று 2024இல் நேச்சர் இதழில் காட்டியது. ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் நடந்த வேலை அது. அப்படிப்பட்ட சாதனத்துக்கு ஏற்ற நிரல்மொழியையும் கம்பைலரையும் எழுத இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டு தரப்பையும் சேர்க்கும் திட்டம்தான் இல்லை.

ஆகவே, பெரிய நிறுவனம் ஒன்று விண்ணப்பித்தால் அதன் கூடவே ஒரு மாவட்ட அரசுக் கல்லூரியாவது பெயரளவில் இல்லாமல் தனி நிதியோடும் தனிப் பொறுப்போடும் சேர வேண்டும் என்று விதி வையுங்கள். நினைவகத்துக்குள்ளேயே கணக்கிடும் சர்வர் ஒன்றை வாங்கி எங்கேனும் வைத்து, எல்லாக் கல்லூரிகளும் தொலைவிலிருந்தே பயன்படுத்தத் திறந்துவிடுங்கள். முழுநேர ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை மாதாமாதம் தவறாமல் வரட்டும். அது தாமதமாவதாலேயே நல்ல பிள்ளைகள் பாதியில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஓசூரில் வேலைக்கும் பஞ்சமில்லை.

அழைப்பை ஜூன் மாதத்துக்குள் அறிவிக்க முடிந்தால் நல்லது. இறுதியாண்டு மாணவர்களுக்குத் திட்டப்பணி ஒதுக்கும் முன்பே யார் எதை எடுப்பது என்று பேசி முடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து
ஒரு கணினிப் பொறியியல் ஆசிரியர்