அந்தப் பொண்ணு போட்டோவை எடுத்துடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பத்திரிகையை நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து படிக்கிறேன், 2004ல இங்க அமெரிக்காவுல பென்சில்வேனியா வந்தப்புறமும் தங்கச்சி சேத்து வச்சு யாராவது வரும்போது கொடுத்தனுப்புவா, இப்போ போன்லயே படிச்சுடறேன். அந்த உரிமையிலதான் எழுதறேன். போன மாசம் பயணப் பகுதியில இங்க லான்காஸ்டர்ல கார், டிவி இல்லாம எளிமையா வாழற ஆமிஷ்ங்கற கிறிஸ்தவ மக்களைப் பத்தி ஒரு கட்டுரை போட்டீங்க. அதுல "மின்சாரம்னா என்னன்னே தெரியாம 300 வருஷத்துக்கு முன்னாடியே நின்னுபோன ஜனங்க"ன்னு ஒரு வரி. படிச்சதுலேருந்து மனசே சரியில்ல. ரெண்டு நாள் சுத்திட்டுப் போனவர் அவசரத்துல எழுதியிருக்கலாம், ஆனா உங்க ஆபீஸ்ல ஒருத்தர்கூடவா அதைத் திருப்பிப் படிக்கல?

நான் ரிட்டயர் ஆனப்புறம் 6 வருஷமா இவங்களுக்குத்தான் வேன் ஓட்டறேன். சொந்தமா கார் வச்சுக்க மாட்டாங்க, ஓட்டவும் மாட்டாங்க, ஆனா வாடகை வண்டியில ஏறலாம், அதனால ஆஸ்பத்திரி, தூரத்துல கல்யாணம், சாவுன்னா என்னை மாதிரி ஆளுங்களைக் கூப்பிடுவாங்க, மைலுக்கு இவ்வளவுன்னு காசு. வெளியாள் யாரா இருந்தாலும் அவங்க பாஷையில 'இங்கிலீஷ்'தான், சேலை கட்டிக்கிட்டு ஸ்டியரிங் பிடிக்கிற நானும் இங்கிலீஷ்தான். அவங்க வீட்டுல பேசறது டீட்ச், பழைய ஜெர்மன் வழக்கு, சர்ச்சுல இலக்கண ஜெர்மன், பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ். ஆறு வயசுக் குழந்தைக்கு ரெண்டு மூணு பாஷை காதுல விழுது, அவங்களைப் போய் உலகம் தெரியாதவங்கன்னு எழுதலாமா?

மின்சாரத்தைப் பத்தி சொல்றேன். பக்கத்துப் பண்ணையில ஒரு ஆமிஷ் குடும்பம் இருக்கு, அங்க பால் டேங்கைக் குளிர வைக்கிறதே டீசல் இன்ஜின்தான், பால் சூடா இருந்தா கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான். அவங்க தம்பியோட தச்சுப் பட்டறையில டிரில்லு, இழைக்கிற மெஷின் எல்லாம் காத்து அழுத்தத்துல ஓடுது. ஃபிரிட்ஜ் கேஸ்ல ஓடுது. சில வீட்டுக் கூரையில சோலார் இருக்கு. ரோட்டுல போற கம்பியிலேருந்து வீட்டுக்குள்ள கனெக்‌ஷன் எடுக்கறதில்ல, அவ்வளவுதான். அது வந்தா கூடவே டிவி வரும், இன்னும் என்னென்னவோ வரும், வீடு வீடாத் தனித்தனியா ஆயிடுவோம்னு அவங்க பெரியவங்க முடிவு பண்ணாங்க. இதெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு நடக்கறதும் இல்ல. ஒவ்வொரு சர்ச் சபையிலயும் முப்பது குடும்பம் சுமாரா இருக்கும், வருஷத்துல ரெண்டு தடவை திருவிருந்துக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்து எது ஆகும் எது ஆகாதுன்னு கேட்டு ஒத்துக்கிட்டாத்தான் மேற்கொண்டு. அதைத்தான் ஆர்ட்னுங்னு சொல்றாங்க. ஓஹையோவுல ஒரு சில சபையில பேட்டரி சைக்கிள் ஓட்டறாங்க, இங்க லான்காஸ்டர்ல ஸ்கூட்டர்தான், அதாவது கால்ல உந்தித் தள்ற வண்டி. இதுல எங்க சார் நின்னுபோயிருக்கு?

அவங்க வயலோரத்துல ஒரு மரக் கொட்டகை இருக்கு, நம்ம ஊர் பழைய டெலிபோன் பூத் சைஸ்தான். உள்ள ஒரு போன், ஒரு ஸ்டூல், சுவத்துல கயித்துல கட்டின பென்சில், ஒரு நோட்டு. யாரு எத்தனை நிமிஷம் பேசினாங்கன்னு அந்த நோட்டுல எழுதணும், பில் வந்ததும் மூணு வீடும் பிரிச்சுக் கட்டுவாங்க. ஏன் வீட்டுக்குள்ள வைக்கலைன்னு ஒருதடவை கேட்டேன். பிப்ரவரி குளிர்ல இங்க வந்து நின்னு யாரும் ஊர்வம்பு பேச மாட்டாங்க பாரு, அதுக்குத்தான்னு அந்தம்மா சொன்னாங்க. நான் அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில என் பேரன் பேத்தி ஆளுக்கொரு போனோட உக்காந்திருந்ததைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

2014 பிப்ரவரியில ஐஸ் மழை வந்து மரமெல்லாம் கம்பி மேல விழுந்து எங்க தெருவுல நாலு நாள் கரண்ட் இல்ல. ஹீட்டர் இல்ல, அடுப்பு இல்ல, பேத்திக்கு அப்போ மூணு வயசு. ரெண்டாவது நாள் சாயங்காலம் அந்த வீட்டுப் பையன் லாந்தரோட வந்து கதவைத் தட்டி, அம்மா வரச் சொன்னாங்கன்னான். நாலு சக்கரம் வச்ச ஒரு மர அலமாரி, உள்ள கேஸ் சிலிண்டர், மேல விளக்கு, அதைச் சமையக்கட்டு நடுவுல உருட்டி வச்சிருந்தாங்க, உஸ்ஸுன்னு சத்தம், அடுப்புல நிலக்கரி. சூப்பும் ரொட்டியும் கொடுத்து, எங்களைப் படுக்க வச்சாங்க. எங்ககிட்ட ஒரு பைசா வாங்கல. நீங்க பாவப்பட்டு எழுதின ஜனங்க வீட்டுலதான் சார் என் பேத்தி ரெண்டு ராத்திரி கதகதப்பாத் தூங்கினா.

கட்டுரையில இன்னொரு இடத்துல "வெளியாட்களை வெறுப்பவர்கள்"னு வேற இருக்கு. 2006 அக்டோபர் 2 அன்னிக்கு இங்க நிக்கல் மைன்ஸ் பள்ளிக்கூடத்துல என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. 7 வயசுலேருந்து 13 வயசுக்குள்ள 5 பொண்ணுங்களை ஒருத்தன் சுட்டுக் கொன்னுட்டுத் தானும் செத்தான், வெளியாள்தான், அவங்க பண்ணைங்கள்ல பால் எடுக்கற லாரி டிரைவர். அன்னிக்கே அவன் பொண்டாட்டி வீட்டுக்கு ஆமிஷ் ஆளுங்க ஆறுதல் சொல்லப் போனாங்க. அவன் அடக்கத்துக்கும் போய் நின்னாங்க. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பத்தே நாள்ல இடிச்சுப் புல்லு போட்டுட்டாங்க, இப்போ அந்தப் பக்கம் போனா வெறும் மேய்ச்சல் நிலம். அடிபட்டுப் பிழைச்ச ஒரு பொண்ணை, சுட்டவனோட அம்மா பல வருஷம் வாராவாரம் போய் பார்த்துக்கிட்டாங்க, அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்களும் கதவைத் திறந்துவிட்டாங்க. வெறுப்புங்கற வார்த்தையை இவங்க பக்கத்துல வைக்க எப்படி மனசு வந்தது?

வரி கட்டறதில்லைன்னும் போட்டிருக்கீங்க. வருமான வரி, சொத்து வரி, தங்களோட பிள்ளைங்க போகாத அரசுப் பள்ளிக்கூடத்துக்கான வரி எல்லாமே கட்டறாங்க. 1965 சட்டப்படி சொந்தத் தொழில் பண்றவங்க சோஷியல் செக்யூரிட்டிங்கற அரசு பென்ஷன் திட்டத்துக்குக் கட்டறதில்ல, ஆனா அந்தப் பென்ஷனையும் வாங்கறதில்ல. வயசானவங்களுக்கு மகன் வீட்டோட ஒட்டி டாடி ஹவுஸ்னு ஒரு சின்ன வீடு கட்டிடறாங்க, தாத்தா பாட்டி கடைசி வரைக்கும் அங்கதான். முதியோர் இல்லத்தைப் பத்தி மாசாமாசம் கண்ணீர் விட்டு எழுதற பத்திரிகைக்கு இது கண்ணுல படல.

அவங்ககிட்ட எனக்குப் பிடிக்காததும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். எட்டாம் வகுப்போட படிப்பு நிறுத்திடுவாங்க, 1972ல சுப்ரீம் கோர்ட்டே அதுக்கு ஒத்துக்கிச்சு. மனக்கணக்குல என்னை மடக்கற ஒரு பொண்ணு 14 வயசுல பள்ளிக்கூடத்தை விட்டப்போ நான் அழுதேன். ஞானஸ்நானம் வாங்கினப்புறம் சபையை விட்டுட்டுப் போறவங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட மாட்டாங்க, அந்த வலியையும் என் வேன்ல பார்த்திருக்கேன். அதை எழுதுங்க சார், நான் தகவல் தர்றேன். கல்யாணத்தை எழுதுங்க, அறுவடை முடிஞ்சு நவம்பர்ல செவ்வாய், வியாழன்னு வரிசையா நடக்கும், தோட்டத்துல செலரி அதிகமாப் போட்டிருந்தா இந்த வருஷம் அந்த வீட்டுல கல்யாணம்னு ஊரே கண்டுபிடிச்சுடும்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஓஹையோவுலேருந்து 1890 முதலா 'தி பட்ஜெட்'னு இவங்க படிக்கற ஒரு பேப்பர் வருது, பக்கம் பக்கமா ஊர் ஊரா எழுதற கடிதாசுதான், யார் வீட்டுல குழந்தை, யாருக்குக் கால் உடைஞ்சது, மழை எப்படின்னு. உங்ககிட்ட அப்படியில்ல, மூணு வருஷம் முன்னாடி நான் உங்களுக்கு இதே மாதிரி ஒரு கடிதம் எழுதினேன், ரெண்டு பக்கம், நாலு வரியா வெட்டிப் போட்டீங்க, அதுவும் பாராட்டின நாலு வரியை மட்டும். அதைக்கூட மறந்துட்டேன்.

ஆனா அந்தப் போட்டோவை மறக்க முடியல. ஸ்கூட்டர்ல போற எட்டு வயசுப் பொண்ணு, கார் ஜன்னல்லேருந்து கிட்டத்துல எடுத்தது, முகத்தை மறைக்கக் கையைத் தூக்குது, கை முகத்துக்கு வர்றதுக்குள்ள கிளிக் பண்ணியிருக்காங்க. போட்டோவுக்கு நிக்கிறது அவங்களுக்குப் பத்துக் கட்டளைக்கு விரோதம். கட்டுரையிலயே அதை எழுதிட்டு, பக்கத்துலயே இந்தப் படம். என் நாத்தனார் குடும்பம் வந்தப்போ இப்படித்தான் போனை நீட்டினாங்க, வண்டியை ஓரம் கட்டி இறக்கி விட்டுடுவேன்னு சொன்னேன், இன்னிக்கு வரைக்கும் அவங்க என்கிட்ட சரியாப் பேசறதில்ல.

வெப்சைட்ல அந்தப் படம் இன்னும் இருக்கு. அதை எடுத்துடுங்க. மின்சாரம் பத்தின வரியை அடுத்த இதழ்ல ஒரு ஓரத்துல திருத்திப் போடுங்க. இந்தக் கடிதத்துக்கு இடமில்லைன்னாலும் பரவாயில்ல, படத்தை எடுத்தாப் போதும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
லான்காஸ்டர் கவுண்டி, பென்சில்வேனியா