இரண்டு மிதவைகள்

லாசுப்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உன் அம்மாவை நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன். இன்று காலை பஸ் பிடித்து மஞ்சக்குப்பம் போய் வந்தேன். ஆல்பேட்டையில் பெண்ணையாறு வெறும் மணலாகக் கிடக்கிறது. அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "மஸ்கட்ல அவன் ஒழுங்கா சாப்பிடுறானாமா?" இதுதான் முதல் கேள்வி. கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நாலு துடிப்பு அவசரமாக ஓடுகிறது, பிறகு ஒரு தயக்கம், மறுபடி ஓட்டம். மூச்சு வாங்கவில்லை. மாடி ஏறினால்தான் களைப்பு என்கிறார்கள்.

அம்மாவின் தாறுமாறான இதயத் துடிப்புக்கு டாக்டர் சொன்ன அப்லேஷன் என்ற சூட்டுச் சிகிச்சையும் நான் நாலு வருடமாகக் கணினியில் செய்வதும் ஒன்றா என்று கேட்டிருந்தாய். ஒன்றல்ல, ஆனால் இரண்டும் பக்கத்து வீடுகள். தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்தின் மேலறைக்குக் கொண்டுபோவார்கள். அதன் நுனியில் சின்ன உலோக வளையங்கள் இருக்கும். தசையைத் தொட்டதும் அங்கே ஓடும் மின்சாரம் திரையில் கோடாக எழும். இந்தத் தாறுமாறான துடிப்பைக் கிளப்பும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து வருகின்றன என்று 1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழு காட்டியது. சிரைகளின் வாயைச் சுற்றிச் சுட்டு, அந்தப் பொறி வெளியே வராமல் வேலி கட்டுவதுதான் அம்மாவுக்குச் சொல்லியிருப்பது.

என் வேலை அந்தக் கோட்டைப் படிப்பது. அதில்தான் எல்லாச் சிக்கலும்.

தேவனாம்பட்டினத்தில் நாம் வலை மிதவை இரண்டை ஒரு கயிற்றில் கட்டிக் கடலில் விடுவோமே, நினைவிருக்கிறதா? கதீட்டரின் இரண்டு வளையங்களும் அப்படித்தான். ஒன்றின் உயரத்திலிருந்து மற்றதன் உயரத்தைக் கழித்துத் திரையில் வரைகிறார்கள். ஏன் கழிக்கிறார்கள் என்றால், கீழறை பெரிய தசை. அதன் மின்சாரம் மேலறையிலும் தெரியும். கடல் ஏற்றம் இரண்டு மிதவையையும் ஒன்றாகத் தூக்குவதுபோல அது இரண்டு வளையத்திலும் ஒரேமாதிரி ஏறும், கழித்தால் போய்விடும். பக்கத்தில் ஓடும் அலை மட்டும் மிஞ்சும். அருமையான உபாயம். ஆனால் மிதவைகள் கரைக்கு இணையாகக் கிடந்தால் என்ன ஆகும்? அலை இரண்டையும் ஒரே நொடியில் தூக்கும். எவ்வளவு பெரிய அலையாக இருந்தாலும் கழித்தால் பூஜ்யம்!

மேலறையில் கோட்டின் உயரம் 0.5 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அங்கே வடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. வரைபடத்தில் அந்த இடம் சிவப்பாகும், நல்ல தசை ஊதாவாகும். அந்தச் சிவப்பு செத்த தசையா, அல்லது மிதவைகள் கிடந்த கிடையா? உயிரோடிருக்கும் மனிதரிடம் இதைச் சரிபார்ப்பது கடினம். கணினியில் முடியும், ஏனென்றால் விடையை முதலிலேயே நாம்தான் எழுதி வைக்கிறோம்.

4 செ.மீ.க்கு 4 செ.மீ. தசைத்தாள் ஒன்று கட்டியிருக்கிறேன். 0.2 மி.மீ.க்கு ஒரு புள்ளி, மொத்தம் 40,000 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் 1998-இல் கோர்ட்மாஞ்ச் குழு எழுதிய மனித மேலறைச் செல்லின் சமன்பாடுகள் ஓடுகின்றன. செல் ஒன்றுக்கு 21 மாறிகள். காலத்தை 0.02 மில்லி நொடியாக நறுக்கினால், ஒரு நொடித் துடிப்புக்கு 200 கோடி முறை செல் கணக்குப் போடவேண்டும். 1960-இல் டெனிஸ் நோபிள் முதல் இதயச் செல் மாதிரியை வெளியிட்டார். அந்தக் கணக்குக்கு லண்டன் பல்கலைக்கழகக் கணினியில் அவருக்குக் கிடைத்தது அதிகாலை 2 முதல் 4 வரைதான். நடுராத்திரியில் திரை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

பிறகு தாளின் மேல் கற்பனை வளையங்களை வைக்கிறேன். ஒவ்வொரு புள்ளியின் மின்னோட்டத்தையும் வளையத்துக்கு உள்ள தூரத்தால் வகுத்துக் கூட்டினால் கதீட்டர் கண்டிருக்கக்கூடிய கோடு வந்துவிடும். போன மாதம் வடுவே இல்லாத தாளில் வைத்தேன். அலை வரும் திசையில் கூர்மையான முள் எழுந்தது. வளையங்களைத் தொண்ணூறு பாகை திருப்பினேன். கோடு ஏறக்குறையப் படுத்துவிட்டது. தசை அதே தசை, அலையும் அதே அலை. தெரிந்த விஷயம்தான் என்றாலும் கண்ணால் பார்த்தபோது கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை.

இது வெறும் ஏட்டுக்கணக்கு இல்லையடா. 2004-இல் நாடமானி என்ற மருத்துவர், கோடு துண்டு துண்டாகச் சிதறும் இடங்களைத் தேடிச் சுடலாம் என்றார். பலர் செய்தார்கள். நாள்பட்ட நோயாளிகளிடம் செய்த ஸ்டார் ஏஎஃப் 2 என்ற பெரிய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. சிரை வேலியோடு இதையும் சேர்த்துச் செய்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. என் தாளில் வடு இழைகளுக்கு நடுவே அலை நெளிந்து போனாலும் கோடு சிதறுகிறது. நல்ல தசையில் இரண்டு அலைகள் மோதிக்கொண்டாலும் சிதறுகிறது. இரண்டையும் கோட்டிலிருந்தே பிரித்துச் சொல்ல முடிந்தால், சுடவேண்டாத இடத்தைச் சுடாமல் விடலாம். எனக்கு அது போதும்.

அம்மாவுக்குச் செய்யலாமா வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். 22-ஆம் தேதி நானே கூட்டிப்போகிறேன், பழைய ஈசிஜி தாள்களையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை, கையில் நீலம் பாய்கிறது என்று ஒரு வாரமாக நிறுத்திவிட்டார்கள். மேலறை இப்படி நடுங்கிக்கொண்டே இருந்தால் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக்கூடாது, நாளைக் காலையே அவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. கடிதம் வந்துசேர நாளாகும் என்பதால் இதை மட்டும் இன்றே உனக்குக் குரல் செய்தியாகவும் அனுப்பியிருக்கிறேன். நீ பேசு. நீ சொன்னால் கேட்பார்கள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்